அவையும் செய்தித்தாளும்: விக்டோரியா காலத்து மதிப்புரையும் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதித் தமிழவையும்

தமிழில் திறனாய்வு என்னும் துறை ஆங்கிலக் கல்வியோடு வந்தது என்பது பெருவழக்காகிவிட்ட கருத்தாகும். நூலையும் நாடகத்தையும் எடைபோட்டுக் குணங்குற்றம் கூறும் முறையை நமக்குக் கற்பித்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் செய்தித்தாள்களே என்றும், அவற்றைப் பின்பற்றி எழுந்த தமிழ் இதழ்களின் வாயிலாகவே மதிப்புரை நம்மிடையே வேரூன்றியது என்றும் பலரும் எழுதி வருகின்றனர். இக்கருத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. மறுபாதி ஆராயாது ஏற்றுக்கொள்ளப்பட்டது. செய்தித்தாள் நமக்குக் கொண்டுவந்தது மதிப்பிடும் அறிவு அன்று. மதிப்பிடுவோன் நிற்கும் இடத்தை அது மாற்றியமைத்தது. அவ்விடம் மாறியபோது யாம் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை விளக்குதற்கு இலண்டன் மாநகரையும், இன்று அரியலூர், பெரம்பலூர் என இரு மாவட்டங்களாக விளங்கும் பகுதியையும் அருகருகே வைத்து நோக்க விரும்புகின்றோம். அந்நாளில் இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உட்பகுதிகளாய் இருந்தன. இவ்விரண்டு இடங்களையும் ஒப்பிடுதல் பொருந்தாது என்று தோன்றலாம். ஆயின், தமிழ் அவையின் பழைய மரபிலே வளர்ந்து, அச்சு, இதழ் ஆகியவற்றின் புதிய உலகிலே பணிபுரிந்த பெரியார் ஒருவரின் இளமை கழிந்த நிலம் இதுவே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இப்பகுதியைப்பற்றிக் கூறுவன, செய்தித்தாள் புகுதற்கு முன் நம்மவர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதற்குச் சிறந்த சான்றாக உள்ளன.

1. இலண்டன்: 1855-க்குப் பின்

முதற்கண் ஆங்கில நாட்டு நிலையைச் சுருக்கமாகக் காண்போம். செய்தித்தாள்களின் விளம்பரங்கள்மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1853-லும், தாள் ஒவ்வொன்றுக்கும் செலுத்தவேண்டியிருந்த முத்திரைவரி 1855-லும், காகிதவரி 1861-லும் நீக்கப்பெற்றன. இவற்றுள் 1855-ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றமே பெரிது. அவ்வாண்டிலேயே ‘டெய்லி டெலிகிராப்’ தோன்றி ஒரு பென்னி விலைக்கு விற்கலாயிற்று. ‘சாட்டர்டே ரெவியூ’ என்னும் கிழமை இதழும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. செல்வரும் அரசியலாரும் மட்டுமே வாங்கிய தாள், கடைக்காரனும் எழுத்தனும் வாங்கும் தாளாயிற்று. நூல்களும் நாடகங்களும் அப்புதிய வாசகர்க்கு அறிமுகப்படுத்தப்பட வேண்டியவையாயின. மதிப்புரை செய்தித்தாளின் நிலையான உறுப்பாக வளர்ந்தமைக்கு இதுவே காரணம்.

இவ்வளர்ச்சியில் மூன்று இயல்புகள் குறிக்கத்தக்கன. முதலாவது, மதிப்புரை எழுதியவர் பெயர் வெளியிடப்படாமை. 1828-ல் தோன்றிய ‘அதீனியம்’ ஆயினும், ‘டைம்ஸ்’ ஆயினும், ‘சாட்டர்டே ரெவியூ’ ஆயினும், எழுதுவோர் தம் பெயரை மறைத்து ‘நாம்’ என்றே எழுதினர். பேசுபவன் ஒரு மனிதன் அல்லன், இதழே பேசுகின்றது என்னும் எண்ணம் வாசகர் உள்ளத்தில் நிலைபெற்றது. 1865-ல் ‘பார்ட்நைட்லி ரெவியூ’ கையொப்பமிட்ட கட்டுரைகளை வெளியிடும் முறையைக் கைக்கொண்டபோது அது புரட்சியாகவே கருதப்பட்டது.

இரண்டாவது, விரைவு. நாடக மதிப்புரையில் இது மிகுதியாகக் காணப்படும். அரங்கில் திரை விழுந்த அவ்விரவிலேயே எழுதி, மறுநாட் காலைத் தாளில் அச்சிடும் வழக்கம் உண்டாயிற்று. ஒருமுறை கண்டு, நடுநிசியில் எழுதி, விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் கைக்குச் சென்றுவிட்ட தீர்ப்பைத் திருத்துவது எளிதன்று.

மூன்றாவது, வாணிகத்தின் நெருக்கம். நூல் வெளியிடுவோர் விளம்பரத்துக்குப் பணம் தருபவராகவும் மதிப்புரையை எதிர்பார்ப்பவராகவும் ஒருங்கே இருந்தனர். விலைக்கு வாங்கப்பட்ட புகழ்ச்சியை 1830-ல் மெக்காலே வன்மையாகக் கண்டித்தார். அவ்வாண்டு முதல் ‘அதீனியம்’ இதழை நடத்திய டில்கு அப்புகழ்ச்சி வாணிகத்தை எதிர்த்தே தம் இதழுக்கு மதிப்புத் தேடினார்.

இம்மூன்று இயல்புகளும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்ச்சி 1891-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்தது. இப்சனின் ‘பேய்கள்’ என்னும் நாடகம் இலண்டனில் தனிமுறையில் அரங்கேறியது. ‘டெய்லி டெலிகிராப்’ அதனைச் சாக்கடைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தது. கிளெமெண்ட் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற நாடக மதிப்புரையாளர் அத்தாளினரே. பிற தாள்களும் அவ்வாறே எழுதின. வில்லியம் ஆர்ச்சர் என்பார் அவ்வசைமொழிகளையெல்லாம் திரட்டி ஒருசேர வெளியிட்டார். தனித்தனியே படிக்குங்கால் கண்டிப்பான தீர்ப்பாகத் தோன்றியவை ஒருங்கு வைத்தபோது வெற்று வசையாகத் தோன்றின. மதிப்புரையாளரை மதிப்பிடுதற்கு இஃது எளிய வழியாயினும் கூரிய வழியாகும். பின்னாளில் 1895 முதல் 1898 வரை ‘சாட்டர்டே ரெவியூ’வில் பெர்னார்டு ஷா தம் பெயரின் முதலெழுத்துக்களை இட்டு நாடக மதிப்புரை எழுதியபோது, ‘நாம்’ என்னும் முகமூடி களையப்பட்டு ‘நான்’ என்னும் ஒருவரின் குரல் கேட்கலாயிற்று.

2. அரியலூர்: அவையே இதழ்

இனித் தமிழ்நாட்டு நிலையை நோக்குவோம். முத்திரைவரி நீங்கிய அதே 1855-ஆம் ஆண்டில் சாமிநாதையர் பிறந்தார். சென்னையில் பெர்சிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’ தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். ஆயின் அரியலூரிலும் குன்னத்திலும் அக்காலத்தே கலையின் தரத்தை அறிவிக்கச் செய்தித்தாள் வேண்டியிருக்கவில்லை. அதற்குரிய அவை ஊர்தோறும் இருந்தது.

சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். கனம் கிருஷ்ணையரின் மாணவர். கனம் கிருஷ்ணையரோ உடையார்பாளையம் சமீனின் ஆதரவில் விளங்கியவர். தஞ்சையரசவையில் பொப்பிலி கேசவையாவின் கனமார்க்கத்துக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு அம்மார்க்கத்தைப் பயின்று வென்றமையாலேயே ‘கனம்’ என்னும் அடைமொழி பெற்றவர். இப்பட்டம் ஒரு மதிப்புரையே என்பதை நாம் கருதுதல் வேண்டும். அதனைத் தந்தது எழுத்தன்று, ஒரு சபை. ஒருவன் பாட, மற்றொருவன் பாட, இருவரையும் கேட்டோர் முன்னிலையில் எழுந்த தீர்ப்பு ஒரு சொல்லில் அடங்கி, அவர் பெயரோடு ஒட்டி இன்றளவும் நிலைத்துவிட்டது.

வேங்கடசுப்பையர் அரியலூர் அரண்மனையின் ஆதரவைப் பெற்று அவ்வூரில் வாழ்ந்தார். சுற்றுவட்டாரத்து ஊர்களில் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி, கம்பர் பாடல்களை இடையிடையே எடுத்துக்காட்டி இராமாயணக் கதை சொல்லி வந்தார். இக்கதை ஒரு நாளில் முடிவதன்று. பல இரவுகள் தொடர்வது. முதல் இரவில் வந்தோர் மறு இரவிலும் வருவரேல் அஃது ஒரு தீர்ப்பு. வாராதொழிவரேல் அதுவும் ஒரு தீர்ப்பு. பட்டாபிடேக நாளில் ஊரார் மனமுவந்து அளிக்கும் தொகையே இறுதித் தீர்ப்பு. இம்முறையில் பாடுபவன் குற்றத்தை அடுத்த இரவிலேயே திருத்திக்கொள்ளுதல் கூடும். கேட்போனும் தன் கருத்தை அடுத்த இரவில் மாற்றிக்கொள்ளுதல் கூடும். இலண்டன் மதிப்புரையாளனுக்கு இல்லாத ஒரு வசதி அரியலூர்க் கதை கேட்போனுக்கு இருந்தது. ஒரே கலைப்படைப்பைப் பன்முறை நுகர்ந்து, பொறுத்து, முடிவு கூறும் வசதியே அது.

நூலறிவுத் துறையிலும் இத்தகைய மதிப்பீடு நடைபெற்றது. இளைஞர் சாமிநாதையர் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங்கேட்டார். இவர்களுட் சிலர் பெயரைச் சாமிநாதையர் எழுதியிராவிடின் நாம் இன்று அறிந்திருக்க மாட்டோம். எந்த இதழிலும் இவர்கள் எழுதவில்லை. எனினும் ஒரு செய்யுள் நன்று, ஒன்று நன்றன்று என்று இவர்கள் கூறிய சொல் அவ்வூர்களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. யாப்பருங்கலக் காரிகையைப் பாடஞ்சொன்ன விருத்தாசல ரெட்டியார், இம்மாணவன் தம்மிடம் தங்கிவிடத்தக்கவன் அல்லன், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் செல்லத்தக்கவன் என்று கூறியனுப்பினார். தம் மாணவனின் தகுதியையும் தம் எல்லையையும் ஒருங்கே எடைபோட்டவர் அவர். திறனாய்வாளனுக்கு வேண்டிய முதற்பண்பு யாதென வினவுவார்க்கு இந்நிகழ்ச்சியைக் காட்டலாம். தம் எல்லையை அறியாதான் பிறர் எல்லையை அளத்தல் அரிது.

பின்னர்ச் சாமிநாதையரும் இவ்வவையின் தீர்ப்புக்குத் தம்மை உட்படுத்தினார். பெரம்பலூர்ப் பகுதியிலுள்ள காரை என்னும் ஊரில் அவர் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்தார். ஆசிரியர் முன் பாடல் ஒப்பித்தல் வேறு. உழவரும் வணிகரும் இல்லத்தாரும் கூடியிருக்கும் அவையில் இரவுதோறும் அவர்கள் மனத்தை ஈர்த்துப் பொருள் கூறுதல் வேறு. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தோராகவே அவரை அறிந்துள்ள நாம், கேட்போர் முகக்குறிப்பைக் கொண்டு தம் சொல்லைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியை அவர் இங்கே பெற்றார் என்பதை மறத்தல் ஆகாது. அவருடைய முகவுரைகளிலும் உரைநடையிலும் காணப்படும் தெளிவுக்கு இப்பயிற்சியும் ஒரு காரணமென்பது எம் துணிபு.

3. பாயிரமும் பெயரும்

அவையின் தீர்ப்பு வாய்மொழியாகவே நின்றுவிடவில்லை. சிறப்புப்பாயிரம், சாற்றுகவி என்னும் வடிவங்களில் எழுத்திலும் அமைந்தது. இவற்றைப் பிற்காலத்தார் வெற்றுப் புகழ்மாலை என்று தள்ளிவிடுகின்றனர். நன்னூற் பொதுப்பாயிரத்தை மீண்டும் நோக்குவோர் அவ்வாறு தள்ளார். நூற்குற்றம் பத்து, நூலழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என அது வகுத்துக் கூறுவன, ஒரு நூலை எவ்வெவ்வழிகளால் ஆராய்தல் வேண்டும் என்பதன் தொகுப்பேயாகும்.

இன்னும் இன்றியமையாதது, சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் யார் என்று அந்நூல் வரையறுப்பது. நூலாசிரியன் எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆதலின் பிறனொருவன் பாயிரம் உரைத்தல் வேண்டும். அப்பிறன் எவனும் ஆகான். நூல் செய்தானுக்கு ஆசிரியன், அவனுடன் பயின்றவன், அவன் மாணவன், உரை வகுத்தற்குத் தகுதியுடையவன் என்னும் நால்வருள் ஒருவனாதல் வேண்டும். இவ்விதியின் உட்கிடை யாது? மதிப்பிடுவோன் அறியப்பட்டவனாக இருத்தல் வேண்டும் என்பதே. யார் கூறினார் என்பது தெரிந்தாலன்றிக் கூறியதன் மதிப்புத் தெரியாது. விக்டோரியா காலத்துச் செய்தித்தாளின் கோட்பாடு இதற்கு நேர்மாறானது; கூறுவோனை மறைத்தாலன்றிக் கூற்றுக்கு நடுவுநிலை வாராது என்பது அவர்தம் கொள்கை.

பாயிரம் வெற்றுப் புகழன்று என்பதற்குச் சாமிநாதையர் எழுதிவைத்துள்ள ஒரு நிகழ்ச்சி சான்று. இஃது அரியலூரில் நிகழ்ந்ததன்று. அவர் பாடங்கேட்கச் சென்ற மாயூரத்தில் நிகழ்ந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நாடினார். அந்நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலைக் கண்ட பிள்ளையவர்கள் பாயிரம் தர விரும்பவில்லை. பாரதியார் பல முறை வந்தும் காலந் தாழ்த்தினார். மறுத்துரைக்கவும் இல்லை, இகழ்ந்து எழுதவும் இல்லை. அம்மௌனமே அவர் மதிப்புரை. பின்னர் ஒரு நாள் பாரதியாரே அக்கீர்த்தனைகளைப் பாட, அதனைச் செவியுற்ற பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார்.

இந்நிகழ்ச்சியைப் பெருமனத்துக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். திறனாய்வு முறைக்குச் சான்றாகவும் இதனைக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து. ஈண்டு இரண்டு அளவுகோல்கள் மோதுகின்றன. ஒன்று எழுத்தில் நின்ற நூலை அளக்கும் இலக்கணக்கோல். மற்றொன்று பாடக் கேட்கும் கலையை அளக்கும் நுகர்ச்சிக்கோல். கீர்த்தனை படிக்கப்படுதற்கு இயற்றப்பட்டதன்று, கேட்கப்படுதற்கு இயற்றப்பட்டது. ஆதலின் முதற்கோல் பொருந்தாக் கோலாயிற்று. பிள்ளையவர்கள் தம் கோலை மாற்றிக்கொண்டாரேயன்றித் தம் இலக்கணக் கொள்கையைக் கைவிட்டாரல்லர். ஒரு படைப்பை அதற்குரிய வகையின் அளவால் அளத்தல் வேண்டும் என்னும் நெறியை இன்று நாம் நூல்களில் படித்து மாணவர்க்குக் கூறுகின்றோம். அவரோ அதனைச் செயலாற் காட்டினார். இலண்டனில் இப்சனை இகழ்ந்தோர் செய்யத் தவறியது இதுவே. பழைய இன்பியல் நாடகத்தை அளந்த கோலைக் கொண்டு புதிய நாடகத்தை அளந்தனர்; அளவு பொருந்தாமையைப் படைப்பின் குற்றமாகக் கூறினர். மீண்டும் காணவும் கருத்தை மாற்றவும் அவர்கட்குக் காலம் இருந்ததில்லை. ஒரு வகையில் பெயரும் இருந்ததில்லை. பெயரில்லாதான் கருத்து மாறினான் என்று எவ்வாறு அறிவிப்பது?

4. இரு மரபுகளின் சந்திப்பு

1882-ல் ‘சுதேசமித்திரன்’ கிழமை இதழாகத் தொடங்கி 1899-ல் நாளிதழாயிற்று. 1891-ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் இருவகையாற் சிறந்தது. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அவ்வாண்டில் வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியதும் அவ்வாண்டே. இலண்டனில் ‘பேய்கள்’ இகழப்பட்ட ஆண்டும் அதுவேயாதல் நோக்கத்தக்கது. 1893-ல் சுகுண விலாச சபையின் ‘புஷ்பவல்லி’ விக்டோரியா பொது மண்டபத்தில் நடிக்கப்பெற்றது. கற்றோர் நடிக்க, கற்றோர் விலைச்சீட்டு வாங்கிக் கண்ட அரங்கு அது. பட்டாபிடேகத்தன்று மனமுவந்து கொடுக்கும் முறை மாறி, காணுமுன்னரே விலை கொடுக்கும் முறை வந்தது. காணுமுன் விலை கொடுப்போனுக்கு, இது காணத்தக்கதா என்று முன்னரே கூறுவார் ஒருவர் வேண்டும். செய்தித்தாள் மதிப்புரையின் தேவை இங்கே தோன்றியது. தேவை தோன்றிய பின்னரே வடிவம் வந்தது. வெறும் பின்பற்றலால் வந்ததன்று.

நூலுலகில் இச்சந்திப்பு இனிதாக அமையவில்லை. 1887-ல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். பாராட்டோடு கண்டனங்களும் துண்டு வெளியீடுகளாக எழுந்தன. அவற்றை அவர் தம் வரலாற்றில் ஒரு புயலாகவே குறித்துள்ளார். அச்சிட்ட கண்டனம் தமிழுக்குப் புதிதன்று. 1867-ல் வெளிவந்த திருவருட்பாவை ஒட்டி எழுந்த பூசல் 1869-ல் வழக்குமன்றம் வரை சென்றது. ஆயின் சிந்தாமணிக் கண்டனங்களைப் படித்த சாமிநாதையரின் நிலை வேறு. காரை அவையில் ஐயம் எழுப்பியவன் எதிரே அமர்ந்திருந்தான், விடையிறுத்தல் எளிது. இங்கே ஐயம் எழுப்பியவன் அச்சுத்தாளின் பின்னே நின்றான். அவர் மறுப்பெழுத முற்பட்டபோது, மறுப்புக்கு மறுப்பாகக் காலம் கழியும், பதிப்புப்பணி நின்றுவிடும் என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். அவ்வறிவுரையை ஏற்ற அவர் பத்துப்பாட்டை 1889-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும், மணிமேகலையை 1898-லும் வெளியிட்டார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-ல் திருத்தங்களோடு வந்தது. கண்டனத்துக்கு நல்ல விடை திருந்திய பதிப்பே என்னும் இந்நெறி, அடுத்த இரவில் பாட்டைத் திருத்திக்கொள்ளும் அரியலூர்க் கதைமரபின் அச்சுவடிவம் என்று கூறின் அது பொருந்தும்.

5. ஒரு தடையும் விடையும்

இவ்வளவிற் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழலாம்: பழைய அவையை நாம் மிகையாகப் போற்றுகின்றோமோ என்பதே அது. அவையின் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. அவையில் அமர்ந்தோர் சிலர். புறத்தே நின்றோர் பலர். குலத்தாலும் பாலாலும் பொருளாலும் வகுக்கப்பட்ட அவை அது. நந்தனார் சரித்திரத்தைக் கேட்டு உருகிய அவையில் நந்தனின் குலத்தார்க்கு இடம் இருந்திருக்குமா என்று வினவின் விடை கூறுதல் கடினமன்று. மேலும், அவையைத் தாங்கிய சமீன் தளர்ந்தபோது அவையும் தளர்ந்தது; வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்தமைக்கு அரண்மனை ஆதரவு நிலையில்லாமையும் ஒரு காரணமாகும். புரவலன் முன்னிலையில் புரவலன் விரும்பும் கலைஞனைக் குறைகூறுதல் எவர்க்கு எளிது?

பெயர் மறைத்தலின் நன்மையும் இங்கேதான் புலனாகும். இலண்டனில் பெயரில்லா மதிப்புரை பெண்டிர்க்கு எழுத்துலகின் கதவைத் திறந்தது. ஜெரால்டின் ஜூஸ்பரி என்னும் அம்மையார் ‘அதீனியம்’ இதழில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட நூல்களை மதிப்பிட்டார். பின்னர் ஜார்ஜ் எலியட் எனப் புகழ்பெற்ற மேரியன் எவான்ஸ், ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரெவியூ’வில் பெயரின்றியே திறனாய்வு எழுதினார். பெயரிட்டு எழுதியிருப்பின், பெண்ணின் கருத்து என்னும் ஒரே காரணத்தால் அவை தள்ளப்பட்டிருக்கலாம். ஆதலின் முகமூடி சிலர்க்குக் கேடயமாகவும், சிலர்க்கு மறைந்து நின்று எறியும் மறைவிடமாகவும் அமைந்தது. குற்றம் முகமூடியில் இல்லை. அதனை அணிந்தோன் பொறுப்பில் உள்ளது.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழாளர் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி கண்டனர். 1930-களில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ என்னும் பகுதியில் ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் இசையையும் நாட்டியத்தையும் நாடகத்தையும் மதிப்பிட்டவர் கல்கி. புதுமைப்பித்தன் ‘ரசமட்டம்’ என்னும் பெயரில் எழுதினார். இவை மறைந்த பெயர்கள் அல்ல, வேறு பெயர்கள். நெடுங்காலம் ஒரே பெயரில் எழுதுவோன் தன் பழைய தீர்ப்புக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவனாகின்றான். வாசகனும் அப்பெயருக்குரியான் விருப்பு வெறுப்புக்களை அறிந்து எடைபோடக் கற்றுக்கொள்கின்றான். நன்னூல் வேண்டிய ‘அறியப்பட்டவன்’ புனைபெயரின் வழியாகவும் மீளுதல் கூடும் என்பதை இவர்கள் காட்டினர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் துணிவன வருமாறு. மதிப்பிடும் அறிவும் அளவுகோல்களும் தமிழில் செய்தித்தாளுக்கு முன்னரே இருந்தன. அரியலூர், குன்னம், செங்கணம், காரை முதலிய ஊர்கள் அதற்குச் சான்று. செய்தித்தாள் கொண்டுவந்தவை பெருந்திரளான வாசகரும், விரைவும், பெயர் மறைத்தலும் ஆகும். அவற்றுள் முதலாவது பெரும்பேறு. புறத்தே நின்றோரையும் வாசகராகவும் எழுத்தாளராகவும் ஆக்கியது அது. ஏனைய இரண்டும் பொறுப்போடு ஆளப்படாதவழித் தீங்கு விளைத்தன. நாம் இழந்தது, மதிப்பிடுவோனும் மதிப்பிடப்படுவோனும் முகத்துக்கு முகம் நின்று, ஒருவன் தன் படைப்பையும் மற்றவன் தன் தீர்ப்பையும் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகும்.

இம்முடிவு பழமையாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. பல்கலைக்கழகத் துறை இதழ்களில் இன்று வரும் மதிப்புரைகளை நோக்குக. பெரும்பான்மையானவை நூலின் அதிகாரங்களை எண்ணி, இறுதியில் இரண்டொரு பாராட்டுச் சொற்களைச் சேர்த்து முடிகின்றன. சாற்றுகவியின் புகழ்ச்சி இவற்றில் உண்டு. பிள்ளையவர்களின் மௌனமும் மனமாற்றமும் இல்லை. மற்றுஞ் சில, கண்டனத் துண்டுவெளியீட்டின் வெம்மையைக் கொண்டிருக்கின்றன. காரை அவையின் நேர்முகம் அவற்றில் இல்லை. பழைய இதழ்களின் மதிப்புரைகளை ஆய்வேட்டில் சான்றாக எடுத்தாளும் மாணவர், அவற்றை எழுதியவர் யார், எத்துணைக் காலத்தில் எழுதினார், விளம்பரம் தந்தவர் யார், பின்னர் அவர் கருத்து மாறியதுண்டா என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பிய பின்னரே அவற்றை ஏற்றல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். இக்கட்டுரை முழுவதும் நாம் ‘நாம்’ என்றும் ‘யாம்’ என்றுமே எழுதி வந்துள்ளோம். இது பழந்தமிழ் உரையாசிரியர் வழக்குமாம், விக்டோரியா காலத்து இதழாசிரியர் வழக்குமாம். உரையாசிரியனின் ‘யாம்’ என்பதன் பின்னே ஒரு பெயரும் ஊரும் ஆசிரிய மரபும் நின்றன. இதழாசிரியனின் ‘நாம்’ என்பதன் பின்னே நின்றது அச்சியந்திரம். இவற்றுள் நம்முடைய ‘நாம்’ எதனைச் சார்ந்தது என்று எழுதுவோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று. அரியலூர்த் திண்ணைகளிலும் அரண்மனையிலும் வளர்ந்த சாமிநாதையர் தம் இறுதி ஆண்டுகளில், 1940 முதல், தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதியது ஆனந்த விகடனிலேயே என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். அவையில் பயின்றவர் இதழில் எழுதினார். தம் பெயரை முன்னிட்டு, தமக்குப் பாடஞ்சொன்ன சிற்றூர் ஆசிரியர் ஒவ்வொருவர் பெயரையும் முறையே குறித்து எழுதினார். இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒருங்கே வாழ்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.